காப்பி வரிசைகளுக்கு நடுவே மக்காச்சோளம்

அலுவலக வேலையாகச் சாவ் பாவ்லோவில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை பிராஸ் பகுதியிலுள்ள குடியேற்ற அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். ரயில் பாதையை ஒட்டியே எழுப்பப்பட்ட அந்த நீண்ட கட்டடம், 1887 முதல் 1978 வரை, கடல் கடந்து வந்தவர்களுக்கும் பிரேசிலின் பிற மாநிலங்களிலிருந்து வந்தவர்களுக்கும் சோறும் படுக்கையும் கொடுத்து வேலைக்கு அனுப்பிவைத்த விடுதியாக இருந்தது. சுமார் 25 லட்சம் பேர் அதன் வழியாகக் கடந்து போயிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்று போனவன் கதவு சாத்தும் வரை இருந்தேன். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அங்கேயே போனேன். என் பாட்டி இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970களில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தவர். கடன் கணக்கான துண்டு, விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு, பாதிக் கூலியான அரைப்பேர், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறை என்ற சொற்களைக் கேட்டே வளர்ந்த எனக்கு, அந்த விடுதியிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் போன இத்தாலியக் குடும்பங்களின் கதை ஏற்கெனவே பாதி தெரிந்த கதையாக இருந்தது. தெரியாத மறுபாதியைத் தேடித்தான் திரும்பத் திரும்பப் போனேன்.

கடல் கடந்த இத்தாலியர் என்றதும் நியூயார்க்கும் எல்லிஸ் தீவும் சிசிலியின் ஏழை உழவரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அதற்கும் முன்பே வடக்கிலிருந்து, அதிலும் வெனிஸ் நகரைச் சுற்றியுள்ள வெனெத்தோ பகுதியிலிருந்து, தென் அமெரிக்காவை நோக்கிப் பெருங்கூட்டம் கிளம்பிவிட்டது. 1876 முதல் 1915 வரையான நாற்பது ஆண்டுகளில் இத்தாலியை விட்டுப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர். பிரேசிலுக்கு மட்டும் 1870க்கும் 1920க்கும் இடையில் சுமார் 14 லட்சம் பேர் வந்தார்கள். அவர்களுள் வேறெந்தப் பகுதியினரையும்விட வெனெத்தோக்காரர்களே அதிகம்.

அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு என்னிடம் கேட்டால் மக்காச்சோளத்திலிருந்து தொடங்குவேன். வெனெத்தோவின் கூலி உழவர் கோதுமையை விளைவித்தார். அதை நிலக்காரரின் வாரப் பங்குக்கும் கடனுக்கும் கொடுத்துவிட்டு, மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறிய களியை மூன்று வேளையும் உண்டார். பொலெந்தா என்னும் அந்தக் களியைத் தவிர வேறெதுவும் இல்லாத வீடுகளில் பெல்லாக்ரா என்ற நோய் புகுந்தது. முதலில் வெயில் படும் தோல் சிவந்து செதிலாகும், பிறகு வயிற்றுப்போக்கு, கடைசியில் சித்தப்பிரமை. வெனிஸ் காயலில் உள்ள சான் செர்வோலோ தீவின் மனநோய் விடுதிக்கு இந்த நோயாளிகள் படகுகளில் கொண்டுவரப்பட்டார்கள். 1881ஆம் ஆண்டு அரசு எடுத்த கணக்கில் நாடு முழுவதும் பெல்லாக்ரா நோயாளிகள் சுமார் ஒரு லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் வெனெத்தோவில் இருந்தனர். கெட்டுப்போன சோளத்தின் நஞ்சுதான் காரணம் என்று அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். நியாசின் என்ற உயிர்ச்சத்துக் குறைவே காரணம் என்பது 1930களில்தான் உறுதியானது. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து உண்டதால் அந்தச் சத்து உடலில் சேர்ந்தது. சோளத்தைக் கொண்டுவந்த ஐரோப்பா அந்தப் பக்குவத்தைக் கொண்டுவரவில்லை.

வயிற்றுப்பாடு இப்படியிருக்க, 1861இல் ஒன்றிணைந்த புதிய அரசு 1869 முதல் மாவரைப்பதற்கே வரி வசூலித்தது. திருகைக்குப் போகும் ஒவ்வொரு பிடி தானியத்துக்கும் விதிக்கப்பட்ட அந்த வரி 1884இல் நீக்கப்பட்டபோது, நீராவிக் கப்பல்களில் வந்திறங்கிய அமெரிக்கக் கோதுமையால் விலை சரிந்து, சிறு நிலக்காரர்கள் நிலத்தை இழந்துகொண்டிருந்தார்கள். நிலமில்லாத தினக்கூலிக்கு இத்தாலிய மொழியில் பிராச்சாந்தே என்று பெயர். கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. கையைத் தவிர வேறொன்றும் சொந்தமில்லாதவர். கடலுக்கு அந்தப் பக்கம் சாவ் பாவ்லோவின் காப்பி முதலாளிகள் அதே ஆண்டுகளில் தங்கள் மொழியில் புலம்பியது என்ன தெரியுமா? கைகளுக்குப் பஞ்சம் என்பதே அவர்களுடைய புலம்பல்.

அந்தப் பஞ்சத்தின் பெயர் அடிமை முறை ஒழிப்பு. பிரேசில் 1888 மே 13 அன்று அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தது; அந்த நாள் வருமென்று முதலாளிகள் முன்பே கணித்திருந்தார்கள். 1850களில் சுவிஸ், ஜெர்மன் குடும்பங்களைப் பயணக் கடனோடு அழைத்துவந்து, விளைச்சலில் பங்கு என்ற வார முறையில் உழைக்க வைத்துப் பார்த்தார்கள். தீராத கடனைக் கண்டு அந்தக் குடும்பங்கள் இபிகாபா என்ற தோட்டத்தில் 1856இல் கிளர்ந்தெழுந்ததும், 1859இல் பிரஷ்ய அரசு பிரேசிலுக்கு ஆள்சேர்ப்பதையே தடுத்துவிட்டது. ஆகவே இம்முறை பயணச் செலவை உழைப்பவர் தலையில் கட்டாமல் பொதுக் கருவூலத்தின் தலையில் கட்டினார்கள். 1886இல் முதலாளிகளே கூடிக் குடியேற்றத்தை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள்; மாகாண அரசு பணம் கொடுத்தது; ஜெனோவாவிலிருந்து சாந்தோஸ் துறைமுகம் வரை கப்பல் கட்டணம் இலவசம். ஆனால் உழவுக் குடும்பமாக வரவேண்டும். தனி ஆள் கூலி போதாவிட்டால் ஊர் திரும்பிவிடுவார். கைக்குழந்தைகளோடு வந்தவர் அவ்வளவு எளிதில் திரும்பமாட்டார்.

இந்த இடத்தில் எங்கள் கதை அவர்கள் கதையைத் தொடுகிறது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே அழித்தது. சென்னை மாகாணத்திலிருந்து நடந்தும் தோணியேறியும் போன எங்கள் முன்னோர் காப்பியிலிருந்து தேயிலைக்கு மாற்றப்பட்டார்கள். உலகச் சந்தையில் அப்போதே முதலிடத்திலிருந்த பிரேசிலுக்கு ஒரு பெரிய போட்டி ஒழிந்தது. இந்த இரண்டு கூட்டமும் ஒரே பயிரின் இரு கரைகளில் நின்றிருக்கின்றன. ஆனால் ஒரு கரையிலிருந்தவர் மறுகரைக்குப் போக முடியாது: ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பிறந்தவர்கள் நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி உள்ளே வரக் கூடாதென்று பிரேசில் குடியரசு 1890இல் ஆணையிட்டது. நாட்டை வெள்ளையாக்க வேண்டும் என்பது அன்றைய ஆட்சியாளர்கள் மறைக்காமல் சொன்ன நோக்கம். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த மண்ணில் உழைத்த கறுப்பின மக்கள் விடுதலை பெற்ற மறுநாளே, அரசுப் பணத்தில் வந்திறங்கிய வேறு ஆட்களுடன் கூலிக்குப் போட்டியிட வேண்டியிருந்தது. இத்தாலியரின் துயரத்தைப் பேசும்போது இதை விட்டுவிட்டால் நாம் பேசுவது பாதி உண்மையாகிவிடும். வந்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கணக்கில் அவர்களும் ஓர் எண்.

கப்பல் பயணம் மூன்று வாரத்துக்கு மேல். கீழ்த்தளத்தில் நெருக்கிப் படுத்து வந்த குழந்தைகளிடையே தட்டம்மை பரவிக் கடலிலேயே புதைக்கப்பட்டவர்கள் பலர். ஜெனோவாவிலிருந்து தென் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்ட சிரியோ என்ற கப்பல், 1906 ஆகஸ்ட் 4 அன்று, ஸ்பெயின் கரையோரத்துப் பாலோஸ் முனைக்கருகே, தெளிவான பகல் வெளிச்சத்தில் பாறையில் மோதிச் சில நூறு பேரைப் பலிகொண்டது. அந்த ஊர் மீனவர்கள் தங்கள் படகுகளில் பாய்ந்து சென்று பலரைக் காப்பாற்றினார்கள். கரை சேர்ந்தவர்கள் சாந்தோஸிலிருந்து, கம்பிவடத்தால் இழுக்கப்படும் ரயிலில் செங்குத்தான மலைச்சரிவை ஏறி, பிராஸ் விடுதியின் வாசலிலேயே இறங்கினார்கள். நகரத்தைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காதபடி அமைந்த ஏற்பாடு அது. சில நாள் இலவசத் தங்கல், மருத்துவச் சோதனை, மூட்டைகளுக்குக் கிருமிநீக்கம். அங்கேயே தோட்டத்து ஆட்களுடன் ஒப்பந்தம். அதே ரயிலில் உள்நாட்டுக்குப் பயணம்.

போய்ச் சேர்ந்த இடம் கம்பினாஸுக்கும் ரிபெய்ராவ் பிரெத்தோவுக்கும் அப்பால் விரிந்துகொண்டே போன செம்மண் பூமி. அந்த மண்ணை இன்றும் பிரேசிலில் தெர்ரா ரோஷா, அதாவது ஊதா மண் என்கிறார்கள். சிவப்பைக் குறிக்கும் ரோஸ்ஸா என்ற இத்தாலியச் சொல்லைப் போர்த்துக்கீசியக் காது அப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்வார்கள். பல இடங்களில் முதல் வீடு, அடிமைகள் இருந்து காலிசெய்த குடிசைத் தொடர்தான். கொலோனோ எனப்பட்ட இந்தக் குடும்பத் தொழிலாளியின் ஆண்டு ஒப்பந்தம் சற்றுச் சிக்கலானது. ஒரு குடும்பம் இத்தனை ஆயிரம் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய ஆள் இரண்டாயிரம் செடிக்கு மேல் பார்ப்பார் என்பது பொதுவான கணக்கு. ஆண்டுக்கு ஐந்தாறு முறை களையெடுக்க, ஆயிரம் செடிக்கு இவ்வளவு என்று நிலையான தொகை. அறுவடைக்குத் தனியாக, உருவிச் சேர்த்த பழத்தின் அளவுக்கேற்ற கூலி. வேலியடைப்பதற்கும் களத்தில் காப்பி உலர்த்துவதற்கும் நாட்கூலி. வீட்டுக்கு வாடகையில்லை. விடிவதற்கு முன் மணி அடிக்கும். மேற்பார்வையாளர் குதிரையில் வருவார். களை விட்டுப்போனாலும், சொல்லாமல் வெளியே போனாலும், எதிர்த்துப் பேசினாலும் அபராதம், அதுவும் தோட்டத்துக் கடையின் பற்றுவரவு எழுதிய அதே புத்தகத்தில். கூலி குடும்பத் தலைவரின் பெயரில் மட்டுமே எழுதப்பட்டது. களை வெட்டிய மனைவியின் பெயரோ, செடியடியில் குனிந்து பழம் பொறுக்கிய எட்டு வயதுப் பிள்ளையின் பெயரோ எந்தப் பக்கத்திலும் இல்லை. பாட்டிக்காவது அரைப்பேர் என்று ஒரு பேர் இருந்தது.

இந்த ஒப்பந்தத்தில் பணத்தைப் பற்றிப் பேசாத ஒரு வரி உண்டு. அந்த வரிதான் என்னை மூன்று சனிக்கிழமைகள் பிடித்துவைத்தது. காப்பி வரிசைகளுக்கு இடையிலுள்ள மண்ணில் குடும்பம் தனக்காக மக்காச்சோளமும் பீன்ஸும் விதைத்துக்கொள்ளலாம். விளைந்தது முழுதும் அவர்களுக்கே. வரிசைக்கு வரிசை விதைக்கலாமா, ஒன்றுவிட்டு ஒன்றா, செடியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். முதலாளிக்கு இது குறைந்த கூலியில் ஆளை நிறுத்திவைக்கும் உபாயம்: சாப்பாட்டை அவர்களே விளைவித்துக்கொண்டால் பணத்தைக் குறைத்துக் கொடுக்கலாம், காப்பி விலை விழும் ஆண்டிலும் கூட்டம் பட்டினி கிடக்காது. ஆனால் அந்தச் சலுகை கொடுத்தவர் எண்ணியதற்கு அப்பாலும் வேலை செய்தது. இடைவரிசை மண்ணைக் கொத்தும்போதே காப்பிக்கும் களை போய்விடும். ஒரே உழைப்பில் இரண்டு பயன், அதில் ஒன்று தன்னுடையது. உண்டது போக மிஞ்சிய சோளம் பன்றிக்கும் கோழிக்கும். பன்றியும் கோழியும் பக்கத்து ஊர்ச் சந்தைக்கு. கடைப்புத்தகத்தில் ஏறாத காசு என்று அந்தக் குடும்பத்துக்கு இருந்ததெல்லாம் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். வெனெத்தோவில் நோயைத் தந்த அதே தானியம் இங்கே பீன்ஸோடும் பன்றியிறைச்சியோடும் தட்டில் விழுந்தபோது உணவாக மாறியது என்பதை நினைக்கையில் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இதனால்தான் கொலோனோக்கள் எப்போதும் இளம் தோட்டங்களையே நாடினார்கள். வளர்ந்த செடிகளின் நிழலில் சோளம் வராது. முதிர்ந்த தோட்டத்துக்காரர்கள் காப்பி வேரைச் சோளம் உறிஞ்சிவிடும் என்று சொல்லித் தூரத்தில் வேறு துண்டு நிலத்தைக் காட்டுவார்கள். அங்கே நடந்து போய் வருவது இரட்டை வேலை. காடு அழித்துப் புதிதாகக் காப்பி நடும் ஒப்பந்தமோ நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஓடும். செடி காய்க்கும் வரை நடுவிலுள்ள மண் முழுதும் நட்டவர் கையில். ஆகவே செப்டம்பர், அக்டோபரில் ஆண்டுக் கணக்கு முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு, நல்ல இடைவரிசை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக் குடும்பம் குடும்பமாகத் தோட்டம் மாறினார்கள். கடன் தீர்ந்தவர் பகலில் போனார். தீராதவர்களில் சிலர் இரவில் போனார்கள். இத்தாலியர் நிலையற்றவர்கள், நன்றியற்றவர்கள் என்று முதலாளிகள் ஓயாமல் குறைப்பட்டதன் பொருள் இதுதான். ஒரே லயத்தில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த குடும்பத்திலிருந்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆண்டு முடிவில் எழுந்து போகக்கூடிய கால்கள் இருந்தது அவர்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து. எங்கள் லயத்துப் பின்புறத்திலும் பாகற்கொடியும் மரவள்ளியும் இருந்தன என்று பாட்டி சொல்வார். ஆனால் அந்தப் பாத்திக்காக ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் பேரம் பேசிப் போனதாக எங்கள் வீட்டில் ஒரு கதையும் இல்லை.

இதை வைத்து அந்த வாழ்வு சகிக்கத்தக்கதாக இருந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1900ஆம் ஆண்டில் ஆஞ்செலோ லொங்கரெத்தி என்ற இளம் கொலோனோ, குடியரசுத் தலைவர் கம்போஸ் சாலெஸின் சகோதரரான தோட்ட முதலாளியைச் சுட்டுக் கொன்றார். தன் வீட்டுப் பெண்ணுக்கு முதலாளி வீட்டார் தொல்லை கொடுத்ததில் மூண்ட பகை அது. அந்த வழக்கு இரண்டு நாடுகளிலும் பேசப்பட்டது. காப்பி விலை 1890களின் பிற்பாதியில் விழத் தொடங்கியிருந்ததால் பல தோட்டங்களில் மாதக்கணக்கில் கூலி நின்றுபோயிருந்தது. இத்தாலியக் குடியேற்ற ஆணையம் 1902இன் தொடக்கத்தில் அதோல்ஃபோ ரோஸ்ஸி என்ற ஆய்வாளரை அனுப்பியது. அவரே இளமையில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். தோட்டம் தோட்டமாகச் சென்று, கொடுபடாத கூலி, கொடூரமான அபராதம், அடி, பெண்கள் மீதான அத்துமீறல், எட்டாத மருத்துவச் செலவு, இல்லாத பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். 1902 மார்ச் 26 அன்று வெளியுறவு அமைச்சர் ஜூலியோ பிரினெத்தியின் பெயரால் வழங்கும் ஆணை, பிரேசிலுக்கு இலவசக் கப்பல் பயணத்தில் ஆளனுப்புவதை நிறுத்தியது. லட்சக்கணக்கானவர் போன பிறகு வந்த ஆணை, ஆனாலும் வந்தது. உழவரைக் களியில் வாடவிட்ட ஓர் அரசு, கடலுக்கப்பால் போன அதே உழவர் எப்படியிருக்கிறார் என்று பார்த்துவர ஒருவரை அனுப்பியது, அவர் சொன்னதைக் கேட்டது என்பதை நான் சிறிய செய்தியாக எண்ணவில்லை.

கப்பல்கள் நிற்கவில்லை. ஸ்பானியர் வந்தார்கள், போர்த்துக்கீசியர் வந்தார்கள். ஆசியர் மீதான தடை சீனருக்கும் ஜப்பானியருக்கும் 1892இலேயே தளர்த்தப்பட்டிருந்ததால், 1908 ஜூன் 18 அன்று கசாத்தோ மாரு என்ற கப்பல் 781 ஜப்பானியரைச் சாந்தோஸில் இறக்கியது. முன்னரே வந்த இத்தாலியரில் கணிசமானோர் ஊர் திரும்பினார்கள் அல்லது அர்ஜென்டினாவுக்கு நகர்ந்தார்கள். எஞ்சியவர்களில் சிலர் சோளமும் பன்றியும் விற்ற காசைச் சேர்த்து, பெரிய முதலாளிகள் கைவிட்ட தேய்ந்த மண்ணில் துண்டு நிலம் வாங்கினார்கள். பலர் நகரத்துக்கு வந்து பிராஸ், மொவோக்கா, பிஷிகா பகுதிகளின் ஆலைத் தெருக்களை நிரப்பினார்கள். பன்றிக்கொழுப்பு வியாபாரத்தில் தொடங்கிப் பெரும் ஆலை அதிபரான பிரான்செஸ்கோ மதராஸ்ஸோவின் பெயரை இந்த வரலாற்றின் முகப்பில் வைப்பது அங்கே வழக்கம். எனக்கு அதைவிட 1917ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம் முக்கியமாகப் படுகிறது. அது மொவோக்காவில் ரொதோல்ஃபோ கிரெஸ்பி என்ற இத்தாலியரின் பஞ்சாலையில், இத்தாலியத் தொழிலாளர்கள் நிறைந்த தறிக்கூடங்களில் தொடங்கிற்று.

மூன்றாவது சனிக்கிழமை, குடும்பப் பெயர்கள் பொறித்த மரச்சுவரின் முன் ஒரு முதியவர் தன் பேத்தியுடன் நின்று ஒவ்வொரு பெயராக விரலால் தடவிக்கொண்டிருந்தார். விடுதியின் பதிவேடுகள் இப்போது இணையத்திலேயே தேடக் கிடைக்கின்றன. ஆனால் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயர்கள் அவை. ஜுசெப்பே ஜோசேயாகியிருப்பார், இரட்டை எழுத்து ஒற்றையாகியிருக்கும். கொள்ளுப்பாட்டனைக் கண்டுபிடித்தால் இத்தாலியக் குடியுரிமை கேட்கலாம் என்பதால் பேரப்பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் இப்படித் தேடினார்கள். 2025 மார்ச்சில் இத்தாலி அந்த உரிமையைப் பெற்றோர், பாட்டன்–பாட்டி என்ற இரண்டு தலைமுறையோடு நிறுத்திவிட்டது. அந்தப் பேத்திக்கு அது தெரிந்திருந்தது. தாத்தாவுக்கும் தெரியும், ஆனாலும் தேடச் சொல்கிறார் என்று சொன்னாள்.

மறுநாள் நண்பர்கள் என்னைச் சாவ் பெர்னார்தோவுக்கு அழைத்துப் போனார்கள். வெனெத்தோக் குடும்பங்கள் தொடங்கிய பெரிய உணவகங்கள் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழி வறுவலும், களியை ஆறவைத்துத் துண்டு போட்டுப் பொரித்த பொலெந்தாவும்தான். வெளியே பொன்னிறமாக மொறுமொறுத்து, உள்ளே இளகியிருந்தது. அன்றிரவு கோத்தகிரிக்குத் தொலைபேசியில் பேசியபோது எல்லாவற்றையும் பாட்டியிடம் சொன்னேன். கப்பலையும் கொலையையும் ஆணையையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். காப்பிக்கு நடுவில் சோளம் போட விட்டார்கள் என்று சொன்னதும் இடைமறித்தார்.

"வெளஞ்சது யாருக்குப்பா?"

"அவங்களுக்கேதான் பாட்டி. முழுக்க."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, பெரட்டுக் களத்தில் கணக்குப்பிள்ளையிடம் கேட்பதைப் போன்ற குரலில் கேட்டார்.

"எத்தன நெரைக்கு ஒரு நெரை?"